ஞாயிற்றுக்கிழமை ஓவர்டைம்

செத்துப்போன ஒரு கட்டிங் மாஸ்டர் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் எங்கள் கம்பெனிக்கு வந்து ஓவர்டைம் பார்த்துவிட்டுப் போகிறார் என்று நான் ஒரு வாரம் முழுமனதாக நம்பினேன். இப்போது நீங்கள் சிரிக்கிற மாதிரிதான் என் வீட்டிலும் சிரித்தார்கள். இத்தனைக்கும் எனக்குப் பேய் பிசாசில் நம்பிக்கை கிடையாது. திருப்பூரில் ஒரு சின்ன பனியன் கம்பெனியை நடத்துகிறவனுக்கு அதற்கெல்லாம் தெம்பு ஏது, உயிரோடு இருக்கிற எக்ஸ்போர்ட்காரர்களும் டையிங்காரர்களும் பயமுறுத்துவதே போதும், செத்தவர்கள் வேறு வந்து வரிசையில் நிற்க வேண்டியதில்லை என்று ஊரெல்லாம் பேசித் திரிந்தவன் நான்.

எல்லாவற்றுக்கும் ஆரம்பம் என் மாப்பிள்ளை. கோயமுத்தூரில் கம்ப்யூட்டர் வேலை. தீபாவளிக்கு எல்லா வீட்டு மாப்பிள்ளையும் மாமனாரிடம் வாங்கிக்கொண்டு போவார்கள், இவர் எனக்கு ஒரு டப்பா கொண்டுவந்து கொடுத்தார். உள்ளே தீப்பெட்டி அளவில் வெள்ளையாக நாலைந்து சென்சார். ஆள் நடமாட்டம் பட்டால் விளக்கு எரியும், போனுக்குச் செய்தி வரும். ஆள் அசையாவிட்டால் அஞ்சு நிமிஷத்தில் விளக்கு தானாக அணைந்துவிடும். திருட்டுப் பயத்துக்காகக் கொடுத்தார். எனக்குத்தான் சும்மா இருக்கத் தெரியாதே.

ஒன்றைக் கட்டிலுக்கு அடியில் ஒட்டினேன், காலைக் கீழே வைத்தால் சின்ன விளக்கு எரியும்படி. என் மனைவி கோமதி அதைப் பாராட்டிவிட்டு இன்னொன்றை என்னைக் கேட்காமலே பலகார அலமாரிக்குள் வைத்தாள். எனக்குச் சர்க்கரை இருக்கிறது. நான் அதிரசத்துக்குக் கையை நீட்டினால் அவள் போன் அதிரும், அவள் எந்த ரூமில் இருந்தாலும் அங்கிருந்தே என் பேரைச் சொல்லிக் கூப்பிடுவாள். குப்பையை எங்கள் காம்பவுண்டு ஓரம் கொட்டுவது யார் என்று பிடிக்க மதில்மேல் ஒன்று வைத்தேன். பிடித்தும்விட்டேன். அது கோமதி. பக்கத்து வீட்டுக்காரரை நான் அதற்குள் இரண்டு தரம் திட்டியிருந்தேன்.

மீதியைக் கம்பெனிக்குக் கொண்டுபோனேன். அனுப்பர்பாளையத்தைத் தாண்டி, பாத்திரப் பட்டறைகளுக்குப் பின்னால் ஒரு தகர ஷெட், அதுதான் கம்பெனி. அங்கே கக்கூஸுக்குத் தாழ்ப்பாள் உடைந்து வெகுகாலம். தாழ்ப்பாள் மாற்றச் சோம்பல்பட்டு, உள்ளே ஒரு சென்சாரை வைத்தேன், ஆள் இருந்தால் வெளியே விளக்கு எரியும், யாரும் கதவைத் தள்ள மாட்டார்கள். நல்ல ஐடியாதான். ஆனால் உள்ளே போனவர் அமைதியாக உட்கார்ந்தால் விளக்கு அணைந்துவிடுகிறது, வெளியே நிற்கிறவர் காலி என்று கதவைத் திறந்துவிடுகிறார். ஆகவே உள்ளே உட்கார்ந்திருக்கும் நேரமெல்லாம் கையைத் தூக்கி ஆட்டிக்கொண்டிருக்க வேண்டும். எங்கள் கம்பெனியில் இன்றைக்கும் எல்லோரும் அப்படித்தான் ஆட்டுகிறோம். இந்த அஞ்சு நிமிஷ விஷயத்தை மட்டும் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், மற்றதை மறந்தாலும் பரவாயில்லை.

கடைசி சென்சார் டப்பாவிலேயே கிடந்து, தை பிறந்த பிறகுதான் கட்டிங் ஹாலுக்குப் போனது. ராத்திரி விளக்கை அணைக்காமல் போய்விடுகிறார்கள் என்பதற்காக வைத்தது.

கட்டிங் ஹால் என்றால் சென்னியப்பன் மாஸ்டர். கம்பெனி தொடங்கிய நாளில் இருந்து எனக்குத் துணி வெட்டியவர். மார்கழியில் ஒரு விடியற்காலை நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழவில்லை. அவர் போன பிறகுதான் அவர் என்னவெல்லாம் செய்துகொண்டிருந்தார் என்றே எனக்குத் தெரிந்தது. பின்னல் துணி இருக்கிறதே, அது மெஷினில் இழுபட்டு, சூடாக அமுங்கி வரும். வந்த உடனே வெட்டினால் தைத்த பிறகு சுருங்கிக் குழந்தைச் சட்டை பொம்மைச் சட்டை ஆகிவிடும். துணிக்கட்டைப் பிரித்து, லூசாக மடித்துக் குவித்து, ஒரு நாள் சும்மா விட வேண்டும். ரிலாக்ஸ் விடுவது என்போம். இந்த ஊரில் ரிலாக்ஸ் ஆகிற ஒரே ஜீவன் துணிதான். நடுவில் ஒரு தரம் குவியலை மேல்கீழாகத் திருப்பிப் போட்டால் அடித்துணியும் பாரம் நீங்கி ஒழுங்காகச் சுருங்கும். சனி ராத்திரி மெஷினில் ஓட்டிய துணி ஞாயிறு காலை டெம்போவில் இறங்கும். நான் பிரித்துப் போட்டுப் பூட்டிவிட்டு வீட்டுக்கு வந்து படுப்பேன். மத்தியானம் மாஸ்டர் தானாகப் போய்த் திருப்பிப் போடுவார். நான் சொன்னதும் இல்லை, அவர் கேட்டதும் இல்லை.

மாஸ்டருக்குப் பிறகு ஒரு லாட், ஒரே தடவையில் வெட்டித் தைத்த சரக்கு மொத்தமும், அளவு குறைந்து திரும்பி வந்தது. எனக்கு வேலை கொடுக்கும் எக்ஸ்போர்ட் ஆபீசில் தன்மையாகத்தான் சொன்னார்கள், இன்னொரு தரம் இப்படி ஆனால் வேறு இடம் பார்த்துக்கொள்வோம் என்று. அந்த ஒரு ஆர்டரில்தான் என் கம்பெனி மூச்சு விடுகிறது. நான் கட்டிங் மாஸ்டர் தேடி அலைந்தேன். இந்த ஊரில் பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்ப்பது சுலபம், அது நானே பார்த்திருக்கிறேன். கடைசியில் திருநெல்வேலிப் பக்கத்துக்காரர் இசக்கிமுத்து கிடைத்தார். நல்ல கை. குடும்பத்தோடு வந்து வாடகைக்குக் குடியேறினார். அப்பாடா என்று நான் ஞாயிற்றுக்கிழமை மத்தியானத் தூக்கத்தை மறுபடி ஆரம்பித்தேன்.

அந்தத் தூக்கத்தில்தான் போன் அதிர்ந்தது. கட்டிங் ஹால், நடமாட்டம் என்று செய்தி. பூனையாக இருக்கும் என்று திரும்பிப் படுத்தேன். அடுத்த ஞாயிறும் அதே மத்தியானம், அதே செய்தி. கம்பெனிச் சாவி என் தலைமாட்டில் கிடக்கிறது. நம்பினால் நம்புங்கள், அப்போதும் எனக்குப் பயம் வரவில்லை, எழுந்து போகச் சோம்பலாக இருந்தது, அவ்வளவுதான்.

திங்கட்கிழமை காலை இசக்கிமுத்து என்னைக் கூப்பிட்டுக் குவியலைக் காட்டினார். ஞாயிறு நான் பிரித்துப் போட்டபோது லாட் நம்பர் எழுதிய சீட்டை ஒவ்வொரு குவியலின் மேலும் வைத்திருந்தேன். இப்போது சீட்டெல்லாம் அடியில் இருந்தது. யாரோ அழகாகத் திருப்பிப் போட்டிருக்கிறார்கள். ஓரம் ஓரத்தோடு சேர்ந்து, மடிப்பு கலையாமல். யார் அண்ணாச்சி திருப்புனது என்று கேட்டார்.

இங்கேதான் என் வாய் என்னைக் கெடுத்தது. விளையாட்டாக, முகத்தைச் சிரிக்காமல் வைத்துக்கொண்டு, "பழைய மாஸ்டர் வந்துட்டுப் போயிருப்பாருங்க" என்றேன். புது ஆளைக் கொஞ்சம் பயமுறுத்திப் பார்க்கலாமே என்று. சொல்லி முடித்ததும் என் முதுகில்தான் சில்லென்றது. ஏனென்றால் அந்த மடிப்பை எனக்குத் தெரியும். அந்த ஹாலில் அப்படித் திருப்பிப் போட வேறு யாருக்கும் வராது.

டீ டைமுக்குள் சேதி தையல் லைன் முழுக்கப் போய்விட்டது. ஒடிசாப் பெண்களிடம் ஒரு இன்ச் தையலை மாற்றச் சொல்வதற்கு நான் கையும் காலும் ஆட்ட வேண்டும், பேய் என்ற சேதி மட்டும் யாரும் மொழிபெயர்க்காமலே போய்ச் சேர்ந்தது. சாயங்காலம் இசக்கிமுத்து வந்து நின்றார். அவர் சொன்னதை அப்படியே சொல்கிறேன்.

"அண்ணாச்சி, உசுரோட இருக்க மொதலாளிட்ட ஏச்சு வாங்கிக்கிடுதேன், அதுக்குத்தான் சம்பளம். செத்த மாஸ்டர்ட்டயும் வாங்கணும்னா வேற ஆளப் பாருங்க. வார ஞாயித்துக்கெழமைக்குள்ள ஒரு முடிவு சொல்லிருங்க."

பேரிலேயே இசக்கியம்மனை வைத்துக்கொண்டு பேய்க்குப் பயப்படலாமா என்று சிரித்துப் பார்த்தேன். அவர் சிரிக்கவில்லை. இவர் போனால் அடுத்த லாட் போகும், அடுத்த லாட் போனால் ஆர்டர் போகும். ஒரு வாய்ச் சொல்லில் நானே என் கம்பெனிக்குக் கொள்ளி வைத்தேன். வீட்டுக்கு வந்து கோமதியிடம் சொன்னேன். அவள் கறிவேப்பிலை உருவிக்கொண்டே கேட்டுவிட்டு, "ஏனுங்க, உசுரோட இருந்தப்ப அந்த மனுசனுக்கு ஒரு ஞாயித்துக்கெழம லீவு குடுத்திருப்பீங்களா? அதான் பழக்கம் உடுல" என்றாள். பொண்டாட்டி என்றால் அப்படி இருக்க வேண்டும்.

அடுத்த ஞாயிறு மத்தியானம் செய்தி வந்ததும் இரண்டு பேரும் கிளம்பினோம். நான் எடுத்துக்கொண்டதைச் சொல்கிறேன், சிரிக்காதீர்கள். சட்டைப்பையில் விபூதிப் பொட்டலம், வேட்டி மடிப்பில் ஒரு எலுமிச்சம்பழம், கையில் துணி வெட்டும் பெரிய கத்தரி. செத்தவரைக் கத்தரியால் என்ன செய்வதாக இருந்தேன் என்று இன்றைக்கும் தெரியவில்லை. அதுவும் அவர் கத்தரி. அவருக்கே கொண்டுபோய்க் கொடுக்கிற மாதிரி இருந்திருக்கும்.

வெளிக்கேட்டில் பூட்டு இல்லை. ஹால் ஜன்னலில் விளக்கு வெளிச்சம். உள்ளே இருந்து பட், பட் என்று சத்தம். துணியை இரண்டு கையாலும் தூக்கி உதறிப் போடுகிற சத்தம், பல வருஷமாகக் கேட்ட சத்தம். நான் செருப்பைச் சரிசெய்கிற சாக்கில் குனிந்தேன், எலுமிச்சம்பழம் உருண்டு சாக்கடையில் விழுந்தது, அதற்குள் கோமதி கதவைத் தள்ளி உள்ளே போய்விட்டாள்.

உள்ளே சென்னியப்பன் மாஸ்டரின் மனைவி ருக்குமணியக்கா. சேலையை இடுப்பில் சொருகிக்கொண்டு, தலையெல்லாம் பஞ்சுத்தூசி, குவியலைத் திருப்பிக்கொண்டிருந்தார். என்னையும் என் கையில் இருந்த கத்தரியையும் மாறி மாறிப் பார்த்தார். நான் கத்தரியை மேஜைமேல் வைத்தேன், அதை வைக்கத்தான் வந்தவன் மாதிரி.

இரண்டாவது சாவி ஒன்று மாஸ்டரிடம் இருந்தது எனக்கு மறந்தே போயிருந்தது. ஞாபகம் இருந்தாலும் கேட்டிருக்க மாட்டேன். எங்கள் பக்கத்தில் சாவு விழுந்த வீட்டில் போய்ச் சாவியைக் கொடுங்கள் என்று கேட்க யாருக்கும் நாக்கு எழாது. அக்காதான் சொன்னார், சாவி அவர் சட்டைப்பையில் இருந்ததாம், திருப்பிக் கொடுக்கலாம் என்றுதான் முதல் ஞாயிறு வந்தாராம், நானும் இல்லை, துணி மட்டும் பிரித்தபடி கிடந்ததாம்.

"திருப்பாமப் போறதுக்கு மனசு வல்லீங்க தம்பி."

மாஸ்டர் தனியாகத்தானே வருவார், உங்களுக்கு எப்படி இந்த வேலை தெரியும் என்று கேட்டேன். அக்கா கோமதியைப் பார்த்துத்தான் பதில் சொன்னார்.

"ஊட்ல இருக்கறது ஒரே ரூமு கண்ணு. பையன், மருமக, பேத்தின்னு எப்பவும் ஆளு. ஞாயித்துக்கெழம சோத்துப்போசிய எடுத்துட்டு ரெண்டு பேரும் இங்க வந்துருவோம். ஆளுக்கொரு பக்கம் புடிச்சுத் திருப்பிப் போட்டுட்டு, அந்தப் பெஞ்சுல உக்காந்து பேசிட்டிருப்போம்."

என்ன பேசுவீர்கள் என்று கோமதி கேட்டாள்.

"சண்டைதான். ஊட்ல போட முடியாதில்ல."

பிறகு அக்கா சென்சாரைக் காட்டி, இது என்னங்க தம்பி, திருப்பி முடித்து உட்கார்ந்தால் வெளக்கு அணைஞ்சு போயிருது, ஒத்தையாக உட்கார்ந்து கையை ஆட்டிக்கொண்டிருக்க வேண்டியிருக்கிறது என்றார். நான் கக்கூஸ் கதையைச் சொன்னேன். அக்கா சிரித்தார். சாவியை நீட்டினார். நான் வாங்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை நீங்களே வந்து திருப்பிப் போடுங்கள், அதற்குச் சம்பளமும் வாங்கிக்கொள்ளுங்கள் என்றேன். சரி என்றார்.

மறுநாள் அக்காவையே கூட்டிவந்து இசக்கிமுத்துவிடம் பேச வைத்தேன். இவங்கதான் உங்க பேய் என்றேன். அவர் எழுந்து நின்று கும்பிட்டார். லாட் அளவு குறையாமல் போனது. இத்தோடு நான் நிறுத்தியிருந்தால் இது ஒரு சிரிப்புக் கதை. இதுவரைக்கும்தான் ஊரில் எல்லோரிடமும் சொல்லியிருக்கிறேன்.

வைகாசியில் என் பேத்திக்குக் காதுகுத்து. அவினாசிக்கு அப்பால் எங்கள் குலதெய்வக் கோயிலில், ஒரு ஞாயிற்றுக்கிழமை. காலையில் டெம்போ வந்து துணி இறங்கியது, கட்டு இன்னும் சூடாகவே இருந்தது, அவசரமாகப் பிரித்துக் குவித்துவிட்டுப் பூட்டிக்கொண்டு கோயிலுக்கு ஓடினேன். இசக்கிமுத்து குடும்பத்தோடு வந்திருந்தார். ருக்குமணியக்காவும் வந்திருந்தார். இன்றைக்கு ஒரு நாள் துணி திருப்பாமல் கிடந்தால் குடி முழுகாது, சாயங்காலம் பார்த்துக்கொள்ளலாம் என்று நான்தான் அவரை வரச் சொல்லியிருந்தேன்.

பந்தியில் உட்கார்ந்து இலையில் கறி விழுந்ததும் போன் அதிர்ந்தது. கட்டிங் ஹால், நடமாட்டம்.

என் சாவி என் இடுப்பில். எதிர்ப் பந்தியில் அக்கா, அவர் சாவி அவர் சுருக்குப்பையில். பக்கத்து இலையில் இருந்த இசக்கிமுத்து, என்ன அண்ணாச்சி முகம் இப்படிப் போவுது என்று எட்டிப் பார்த்தார். பேங்கில் இருந்து மெசேஜ் என்று போனைக் கவிழ்த்து வைத்தேன். அவருக்கு மட்டும் இது தெரிந்தால் திங்கட்கிழமை கட்டிங் மேஜை காலி. கறியை இலை ஓரத்துக்கு ஒதுக்கினேன். நிமிர்ந்தால் அக்கா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கை கழுவுகிற இடத்தில் காட்டினேன். படித்துவிட்டு, போய்ப் பார்க்கலாமுங்களா என்றார், அவ்வளவுதான். கோமதியும் ஏறிக்கொண்டாள். ஐஸ்கிரீம் வாங்கப் போகிறோம் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினோம். வழியில் திருமுருகன்பூண்டியில் ரோட்டோரம் பாதி செதுக்கிய சாமிகள் வரிசையாக நின்றன. இன்னும் கண் திறக்காத சாமியிடம் வேண்டினால் பலிக்குமா தெரியாது, நான் ஒன்றையும் விடாமல் வேண்டிக்கொண்டேன். கல்யாண முகூர்த்த நாள், ரோடெல்லாம் வண்டி. போய்ச் சேர வெகுநேரமானது. அஞ்சு நிமிஷமெல்லாம் எப்போதோ தாண்டியிருந்தது.

கேட்டில் பூட்டு பூட்டியபடி இருந்தது. கதவில் பூட்டு பூட்டியபடி இருந்தது. ஜன்னலில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

உள்ளே ஒருவரும் இல்லை. நான் அவசரத்தில் கோணலாகக் குவித்துப் போன துணியில் பெரிய குவியல் சரிந்து கவிழ்ந்திருந்தது, மேலே வைத்த சீட்டு அடியில், அடித்துணி மேலே. நடந்தது அதுதான். மாப்பிள்ளையிடம் பிற்பாடு கேட்டேன், சூடான துணி ஒட்டுமொத்தமாகச் சரிந்தால் சென்சாருக்கு ஆள் நடக்கிற மாதிரிதான் தெரியும், சரிந்து முடிகிறவரை கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்துகொண்டே இருந்திருக்கும், அதனால் விளக்கும் அணையாது மாமா என்றார். படித்தவர் சொல்கிறார், எனக்கும் நிம்மதியாக இருந்தது, ஒப்புக்கொண்டேன்.

மாப்பிள்ளையிடம் நான் சொல்லாமல் விட்டதை இப்போது உங்களிடம் சொல்கிறேன். நம்புவதும் நம்பாததும் உங்கள் பாடு. எனக்கு இதைச் சுமந்து அலுத்துவிட்டது.

அக்கா சரிந்த துணியைத் தொடவில்லை. நீங்க போய் வெளிய நில்லுங்க தம்பி, ஒரு நிமிசம் உக்காந்துட்டு வாரேன் என்றார். நானும் கோமதியும் வெளியே வந்து வெயிலில் நின்றோம். ஒரு நிமிஷம் என்றவர் வரவில்லை. நான் சிகரெட்டை விட்டு எத்தனையோ வருஷமாகிறது, அன்றைக்குக் கடையில் ஒன்று வாங்கி முழுதாகக் குடித்தேன். திரும்பி வந்தும் அவர் வரவில்லை. ஏதாவது மயக்கமாக இருக்குமோ என்று கோமதி பயந்தாள். கூப்பிடவும் சங்கடமாக இருந்தது.

ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தேன். ருக்குமணியக்கா பெஞ்சின் ஒரு ஓரத்தில், மடியில் கையைக் கோத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். குவியல் கிடந்தபடி கிடந்தது. ஃபேன் நின்றிருந்தது. நான் பார்த்துக்கொண்டிருந்தது அஞ்சு நிமிஷத்துக்கு மேலேயே இருக்கும், அவ்வளவு நேரமும் அக்கா கையை ஆட்டவில்லை, தலையைத் திருப்பவில்லை. அவராக எழுந்து, கதவைப் பூட்டி, சாவியை என் கையில் கொடுத்துவிட்டு வண்டியில் ஏறும்வரை விளக்கு அணையவே இல்லை.